நுரையீரல் பரீட்சைக்கு ஆன்சர் கீ யார்கிட்ட இருக்கு?

இந்த எபிசோடில் நாம பேசப்போவது நுரையீரலைப் பற்றி. மூடியிருக்கும் ஒரு நெஞ்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு வெளியில் நின்னுக்கிட்டே கண்டுபிடிக்க மனுஷன் 260 வருஷத்துக்கும் மேலா முயற்சி பண்ணிட்டு இருக்கான். அந்தக் கதையோட இப்போதைய அத்தியாயம்தான் நியூஸில் அடிக்கடி வருது: எக்ஸ்ரே படிக்கிற ஏஐ, மூச்சுக்குழாய்க்குள்ள போற ரோபோ.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு மாடல் "95 சதவீதம் சரி"ன்னு யாராவது சொன்னா, எனக்கு முதலில் வரும் கேள்வி, "எதோட ஒப்பிட்டு?" டிஎன்பிஎஸ்சி பரீட்சை எழுதினவங்களுக்கு இது நல்லாப் புரியும். ஆன்சர் கீ தப்பா இருந்தா, சரியா எழுதினவனுக்கு மார்க் போகும், தப்பா எழுதினவனுக்கு மார்க் விழும். அதனாலதான் தற்காலிக ஆன்சர் கீ வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தா சொல்லுங்கன்னு நாள் கொடுக்கிறாங்க.

நுரையீரல் பரிசோதனையின் வரலாற்றை நான் படிச்சுப் பார்த்ததில், ஒவ்வொரு காலத்திலும் இந்த ஆன்சர் கீ பிரச்சினைதான் திரும்பத் திரும்ப வருது. கருவி மாறுது, கேள்வி மாறல. வாங்க, ஆரம்பத்தில் இருந்து போவோம்.

தட்டிப் பார்த்தவர், கேட்டுப் பார்த்தவர்

சந்தையில் மண்பானை வாங்கும்போது என்ன செய்வோம்? விரலால தட்டிப் பார்ப்போம். நல்ல பானை கணீர்னு சொல்லும், விரிசல் விட்டது மந்தமா சொல்லும். 18-ஆம் நூற்றாண்டு வியன்னாவில் லியோபோல்ட் ஆவன்புருக்கர் என்ற டாக்டர் இதையே மனுஷ நெஞ்சில் செய்தார். அவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் சத்திரம் நடத்தினவரோட பையன். ஒயின் பீப்பாயில் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தட்டிப் பார்க்கிறதைப் பார்த்து வளர்ந்ததில்தான் இந்த யோசனை வந்ததா சொல்வாங்க. காற்று நிறைஞ்ச இடம் ஒரு மாதிரி ஒலிக்கும், நீர் கோத்த இடம் வேற மாதிரி ஒலிக்கும். 1761-இல் இதை ஒரு சின்னப் புத்தகமா எழுதினார்.

இதில் எனக்குப் பிடிச்சது, அவர் எப்படிச் சரிபார்த்தார் என்பது. இறந்தவர்களின் நெஞ்சுக்குள் நீரைச் செலுத்தி, வெளியில் இருந்து தட்டி, நீர்மட்டம் எங்கே இருக்குன்னு சொல்ல முடியுதான்னு பார்த்தார். அதாவது, ஆன்சர் கீயைத் தானே தயாரிச்சு வச்சுக்கிட்டு தன் முறையை டெஸ்ட் பண்ணார். எங்க பாஷையில் சொன்னா, பக்கா டெஸ்ட் கேஸ்.

ஆனால் பல வருஷம் அந்தப் புத்தகத்தைப் பெரும்பாலானவங்க கண்டுக்கல. 1808-இல் நெப்போலியனின் டாக்டரான கோர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் முறை பரவியது. அடுத்த வருஷமே ஆவன்புருக்கர் காலமானார்.

கோர்விசாரோட மாணவர்களில் ஒருத்தர்தான் ரெனே லெனெக். 1816, பாரிஸ் நெக்கர் மருத்துவமனை. இதயக் கோளாறோட ஒரு இளம்பெண் வந்திருந்தாங்க. அன்றைய வழக்கப்படி நெஞ்சில் காதை வச்சுக் கேட்க அவருக்குச் சங்கடம். காகிதத்தைச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சில் வச்சு, மறுமுனையில் காதை வச்சார். நேரடியாக் கேட்பதைவிடத் தெளிவாக் கேட்டது. அதுதான் பிறகு மரக்குழாய் ஆச்சு, ஸ்டெதஸ்கோப் ஆச்சு.

இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். தெரியாத பாதிதான் முக்கியம். லெனெக் கேட்ட ஒவ்வொரு சத்தத்தையும் குறிச்சு வச்சார். அந்த நோயாளி இறந்துட்டா, பிரேதப் பரிசோதனையில் நுரையீரலைத் திறந்து, தான் குறிச்சதோட ஒப்பிட்டார். இந்தச் சத்தத்துக்கு இந்தக் கோளாறுன்னு ஒரு அகராதியே உருவாச்சு. 1819-இல் அது புத்தகமா வந்தது. இன்னைக்கும் டாக்டர்கள் மூச்சு சத்தத்துக்குப் பயன்படுத்தும் பல சொற்களுக்கு வேர் அங்கேதான் இருக்கு.

ஆக, ஸ்டெதஸ்கோப்பை நம்ப வச்சது அந்தக் குழாய் மட்டும் இல்லை. பிணவறையில் இருந்த ஆன்சர் கீயும்தான். அதில் ஒரு கொடுமை என்னன்னா, அந்த ஆன்சர் கீ நோயாளி இறந்த பிறகுதான் கிடைக்கும். யாருக்காக விடை தேடினாங்களோ, அவங்களுக்கு அது பயன்படாது. லெனெக்கே 1826-இல், 45 வயசில், காசநோயில் இறந்தார்.

படம் பொய் சொல்லாது, படிக்கிறவர்?

1895-இல் ஜெர்மனியில் ராண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். இனி தட்டவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம், உள்ளே நேரடியாப் பார்த்துடலாம். சண்டை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க இல்லையா? அடுத்த அரை நூற்றாண்டில் நெஞ்சு எக்ஸ்ரே காசநோயைத் தேடும் முக்கிய ஆயுதமா ஆச்சு.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச சமயம். அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேருக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. எந்த வகை ஃபிலிம் நல்லது, பெரிய ஃபிலிமா, செலவு குறைஞ்ச சின்ன ஃபிலிமா? இதைத் தீர்க்க ஒரு குழு ஆய்வு நடத்தியது. புள்ளியியலாளர் ஜேக்கப் எருஷல்மியும் அதில் இருந்தார். 1,256 பேர். ஒவ்வொருத்தருக்கும் 4 வகை ஃபிலிம். அனுபவமுள்ள 5 பேர் தனித்தனியாப் படிச்சாங்க. முடிவு 1947-இல் வெளிவந்தது.

ஃபிலிம்களுக்கு இடையில் இருந்த வித்தியாசத்தைவிட, படித்தவர்களுக்கு இடையில் இருந்த வித்தியாசம்தான் பெரிசா இருந்தது! ஒருத்தர் காசநோய்ன்னு சொன்ன படத்தை இன்னொருத்தர் ஒண்ணுமில்லைன்னார். அதைவிட அதிர்ச்சி, அதே ஆள் அதே படத்தைக் கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பப் படிச்சப்போ, கணிசமான இடங்களில் தன்னோட பழைய விடையையே மாத்திச் சொன்னார்.

இவங்க கத்துக்குட்டிகள் இல்லை, அந்த வேலையில் ஊறினவங்க. விலா எலும்பு, ரத்தக்குழாய், இதயம், எல்லாத்தோட நிழலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கிற ஒரு சாம்பல் நிறப் படம் அது. அதில் நகக்கண் அளவு ஒரு மங்கல் இருக்கா இல்லையான்னு சொல்றது நிஜமாவே கஷ்டம். ஆனா அங்கே 'ஒண்ணுமில்லை'ன்னு எழுதினா, ஒரு மனுஷன் வீட்டுக்குப் போய், இருமிக்கிட்டே, குழந்தைகளோட ஒரே அறையில் தூங்குவான். எருஷல்மியின் யோசனை எளிமையானது: ஒவ்வொரு படத்தையும் ரெண்டு பேர் தனித்தனியாப் படிக்கட்டும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு ரேடியாலஜிஸ்ட் கிடைப்பதே கஷ்டமான ஊரில் ரெண்டாவது ஆளுக்கு எங்கே போவது?

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் உள்ளே வருது.

லேபிள் எழுதியது யார்?

1963-இல் மிசூரி பல்கலைக்கழகத்தில் குவிலிம் லாட்விக் என்ற ரேடியாலஜிஸ்ட், நுரையீரல் புற்றுநோய் எக்ஸ்ரேயில் தெரியும் அம்சங்களை எண்களா மாத்திக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் முறையை வெளியிட்டார். பார்ப்பது மனுஷக் கண், கணக்குப் போடுவது மட்டும் மெஷின். 1980-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய் குழு, படத்தையே கம்ப்யூட்டர் அலசி 'இங்கே ஒரு தடவை பாருங்க'ன்னு குறி போடும் முறையை உருவாக்கியது. டாக்டருக்குப் பதிலா இல்லை, டாக்டருக்கு உதவியா என்பதில் அவங்க தெளிவா இருந்தாங்க. எருஷல்மி கேட்ட அந்த ரெண்டாவது ஆள்தான் இது.

பிறகு டீப் லேர்னிங் வந்தது, தன்னம்பிக்கை எகிறியது. 2016-இல் ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திடலாம், 5 வருஷத்தில் மெஷின் அவங்களை மிஞ்சிடும் என்ற ரீதியில் சொன்னார். 2017-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 30,805 நோயாளிகளின் 1,12,120 நெஞ்சு எக்ஸ்ரேக்களைப் பொதுவில் வெளியிட்டது. சில வாரங்களிலேயே ஸ்டான்ஃபோர்ட் குழு செக்ஸ்நெட் என்ற மாடலோட வந்து, நிமோனியாவைக் கண்டுபிடிப்பதில் ரேடியாலஜிஸ்ட்களை மிஞ்சிட்டோம்னு அறிவிச்சது.

சரி, நம்ம கேள்வியைக் கேட்போம். எதோட ஒப்பிட்டு? லட்சத்துக்கும் மேல இருந்த அந்தப் படங்களுக்கு லேபிள் போட்டது யார்?

டாக்டர்கள் எழுதிய ரிப்போர்ட்டில் இருந்து, ஒரு மென்பொருள் சொற்களைத் தேடிப் பிடிச்சு லேபிள் ஒட்டியது. என் துறையில் டேட்டா லேபிள் பண்றது யாரும் கை தூக்காத வேலை, அதனால ஏன் இப்படிச் செய்தாங்கன்னு எனக்குப் புரியுது. ஆனா ஒரு ரிப்போர்ட் என்பது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் கடிதம் மாதிரி. ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விஷயத்தை அதில் எழுத மாட்டாங்க. 'முன்ன இருந்ததுபோலவே இருக்கு'ன்னு ஒரே வரியில் முடிச்சுடுவாங்க.

ஆஸ்திரேலிய ரேடியாலஜிஸ்ட் லூக் ஓக்டன்-ரெய்னர் அந்தப் படங்களை உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பார்த்தார். பல லேபிள்கள் படத்தோட பொருந்தவே இல்லை. இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிப்போகும் ஒரு அவசர நிலை உண்டு, நியூமோதொராக்ஸ்னு பேர். சிகிச்சை, நெஞ்சில் ஒரு குழாய் போட்டுக் காற்றை வெளியே எடுப்பது. அந்த லேபிள் உள்ள படங்களில் நிறைய, ஏற்கெனவே குழாய் போட்ட நோயாளிகளோடது!

குழாயைப் பார்த்தா நோய்னு சொல்லும் ஒரு மாடல் இங்கே நல்ல மார்க் வாங்கிடும். ஆனா குழாய் போட்டவருக்கு என்ன நோய்னு டாக்டருக்கு ஏற்கெனவே தெரியும். ராத்திரி 2 மணிக்கு எமர்ஜென்சிக்கு மூச்சுத் திணறலோட வர்றவர் நெஞ்சில் குழாய் இருக்காது. மாடல் கைவிடப்போவது அவரைத்தான்.

2018-இல் ஜான் ஜெக் குழு இன்னொரு ஓட்டையைக் காட்டியது. ஒரு மருத்துவமனையின் படங்களில் 34 சதவீதம் நிமோனியா, இன்னொன்றில் சுமார் 1 சதவீதம். படம் எந்த மருத்துவமனையில் எடுத்ததுன்னு கண்டுபிடிக்க மெஷினால் கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு முடிஞ்சது. ஊரைத் தெரிஞ்சுகிட்டாலே பாதி விடை தெரிஞ்ச மாதிரிதானே? வெளி மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தப்போ மார்க் பெரும்பாலும் குறைஞ்சது.

கோவிட் சமயத்தில் இது கூத்தாகவே ஆச்சு. நெஞ்சுப் படத்தை வச்சு கோவிட் கண்டுபிடிக்கும் மாடல்கள் குவிந்தன. 2021-இல் ஒரு ஆய்வுக்குழு 2,212 ஆய்வுகளை எடுத்து, வடிகட்டி, 62-ஐ ஆழமாப் பரிசோதிச்சது. மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒண்ணுகூட இல்லை. சிலர் 'கோவிட் இல்லாதவங்க' படங்களுக்கு 1 முதல் 5 வயசுக் குழந்தைகளின் எக்ஸ்ரேயைப் பயன்படுத்தியிருந்தாங்க. அந்த மாடல் கத்துக்கிட்டது கோவிட்டை இல்லை, பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை.

கிருமியே விடை சொன்னபோது

இவ்வளவு கேட்டதும் ஏஐ எல்லாம் சும்மான்னு தோணும். பொறுங்க. இப்போ டாக்காவுக்குப் போவோம்.

2014 முதல் 2016 வரை, டாக்காவின் 3 காசநோய்ப் பரிசோதனை மையங்களுக்கு வந்த 23,954 பேர். எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க. எல்லாரோட சளியும் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற கருவிக்குப் போனது. அது சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும், சுமார் 2 மணி நேரத்தில் விடை வரும். பிறகு 5 ஏஐ மென்பொருள்களும் பங்களாதேஷ் ரேடியாலஜிஸ்ட்களும் அதே படங்களைப் படிச்சாங்க. 2021-இல் வந்த முடிவு: ஐந்துமே ரேடியாலஜிஸ்ட்களைவிட நல்லாச் செய்தன.

இங்கே என்ன மாறிச்சு பாருங்க. விடையைச் சொன்னது இன்னொரு டாக்டரின் அபிப்பிராயமோ, பழைய ரிப்போர்ட்டில் இருந்த ஒரு சொல்லோ இல்லை. சளியில் கிருமி இருந்ததா இல்லையா, அதுதான் ஆன்சர் கீ. அந்தப் பரிசோதனையும் நூத்துக்கு நூறு கிடையாது. ஆனா படத்துக்கு வெளியில் இருந்து, படத்தைப் பார்க்காமல் வந்த விடை. ஆவன்புருக்கர் ஊற்றிய நீர் மாதிரி.

அதே 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், 15 வயசும் அதற்கு மேலும் ஆனவங்களுக்கு, காசநோய்த் தேடலில் மனிதர் படிப்பதற்குப் பதிலாகவே இந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம்னு பரிந்துரைச்சது. அதற்காக மதிப்பிட்ட மூன்றில் ஒன்று மும்பையில் உருவானது.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பு, நம்ம சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பில் நடந்தது. அதில் கண்டுபிடிச்ச நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தா தவறிப்போயிருப்பாங்க. இருமலே சொல்லாதவங்க நெஞ்சிலும் நோய் இருந்தது. அப்போ எக்ஸ்ரே எல்லார்கிட்டயும் போகணும். படம் எடுக்கிற பெட்டி இப்போ கையில் தூக்கிட்டுப் போற அளவுக்குச் சின்னதாயிடுச்சு, ஆனா அதோட ஒரு ரேடியாலஜிஸ்ட்டையும் ஊர் ஊரா அனுப்ப முடியுமா? இங்கே ஏஐ யாரோட வேலையையும் பறிக்கல. ஆளே இல்லாத நாற்காலியில் உட்காருது.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, டாக்கா ஆய்விலேயே, வயசானவங்ககிட்டயும் ஏற்கெனவே காசநோய் வந்து குணமானவங்ககிட்டயும் மென்பொருள் கொஞ்சம் தடுமாறியது. பழைய தழும்பு புது நோய் மாதிரித் தெரியும். ரெண்டு, மென்பொருள் 'ஆமாம், இல்லை'ன்னு சொல்வதில்லை, ஒரு எண்ணைத்தான் கொடுக்குது. எந்த எண்ணுக்கு மேல இருந்தா சளிப் பரிசோதனைன்னு முடிவெடுப்பது மனுஷங்க. கோட்டை மேலே வச்சா பணம் மிச்சம், ஆனா சிலர் தவறிப்போவாங்க. கீழே வச்சா செலவு கூடும். இந்தக் கோட்டைப் போடுவது ஒரு பட்ஜெட் முடிவு. அதைப் போட்ட ஆள்தான் அதற்குப் பதில் சொல்லணும்.

ரோபோ எதைத் தேடிப் போகுது?

காசநோய்க்குச் சளி இருக்கு. புற்றுநோய்க்கு? அங்கே விடை திசுவில்தான் இருக்கு. ஒரு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும்.

2011-இல் அமெரிக்காவில் 53,454 பேரை வச்சு நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அதிகம் புகைபிடிச்சவங்களுக்கு வருஷம் ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தா, எக்ஸ்ரே எடுத்தவங்களோட ஒப்பிடும்போது நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைஞ்சது. பெரிய வெற்றி. ஆனா சந்தேகத்துக்கு இடமா இருந்த ஸ்கேன்களில் 96 சதவீதத்துக்கும் மேல, கடைசியில் புற்றுநோயே இல்லை. ஒரு புள்ளி தெரியுது, அது என்னன்னு தெரியல. அந்த மனுஷன் மாசக்கணக்கா அந்தப் புள்ளியோட வாழணும்.

துணுக்கு எடுக்க ஒரு வழி, வெளியில் இருந்து ஊசி குத்துவது. அதில் நுரையீரல் சுருங்கும் ஆபத்து உண்டு. இன்னொரு வழி, வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள போவது. 1897-இல் ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் மாட்டிக்கிட்ட பன்றி எலும்புத் துண்டை நேரான இரும்புக்குழாய் விட்டு எடுத்தார். 1966-இல் டோக்கியோவின் ஷிகெட்டோ இகேடா, கண்ணாடி இழையால் ஆன வளையும் பிராங்கோஸ்கோப்பை அறிமுகம் செய்தார். ஆனா மூச்சுக்குழாய் ஒரு மரம் மாதிரி, கிளை கிளையா சுமார் 23 தடவை பிரியும். ஓரத்துக் கிளைகளுக்கு இந்தக் கருவி போக முடியாது. புள்ளிகள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

ரோபோ அங்கேதான் வருது. அமெரிக்காவில் 2018-இல் மோனார்க், 2019-இல் அயான் என்ற கருவிகளுக்கு அனுமதி கிடைச்சது. ரோபோன்னதும் தானா ஓடும் மெஷினைக் கற்பனை பண்ணாதீங்க. டாக்டர் பக்கத்திலேயே இருந்து, வீடியோ கேம் கண்ட்ரோலர் மாதிரி ஒண்ணை வச்சு ஓட்டுறார். அயானின் குழாய் 3.5 மில்லிமீட்டர் தடிமன். அதுக்குள்ள ஓடும் ஒரு ஒளியிழை, குழாய் இப்போ எந்த வளைவில் இருக்குன்னு நொடிக்குப் பல நூறு தடவை சொல்லும். வளைச்ச இடத்தில் அசையாம நிற்பதுதான் இதோட பலம். மனுஷக் கை நடுங்கும், இது நடுங்காது.

ஆனாலும் ஒரு சிக்கல். வழிகாட்டும் வரைபடம் சிடி ஸ்கேனில் இருந்து வருது. ஸ்கேன் அன்னைக்கு மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சிருப்பீங்க. மயக்கத்தில் படுத்திருக்கும்போது நுரையீரல் அந்த அளவில் இருக்காது. மேப் 'வந்துட்டீங்க'ன்னு சொல்லும், வீடு அடுத்த தெருவில் இருக்கும். அதனால அறையிலேயே இன்னொரு படம் எடுத்து, ஊசி முனை புள்ளிக்குள்ளதான் இருக்கான்னு பார்ப்பது நல்லது. இங்கேயும் அதே பாடம்தான்: மெஷின் சொன்னதை மெஷினுக்கு வெளியில் இருந்து சரிபார்க்கணும்.

பலன் உண்டா? 2025-இல் வந்த ஒரு ஆய்வு, வரைபட வழிகாட்டலோட செய்யும் பிராங்கோஸ்கோபியை வெளி ஊசியோட நேருக்கு நேர் ஒப்பிட்டது. ரோபோவும் இந்த வகையில் சேர்ந்ததுதான். சரியான விடை தருவதில் ரெண்டும் ஏறக்குறைய சமம். நுரையீரல் சுருங்கியது வெளி ஊசியில் 28.3 சதவீதம் பேருக்கு, இதில் 3.3 சதவீதம் பேருக்கு.

எனக்கு இந்த 200 வருஷ வளைவுதான் பெரிசாத் தெரியுது. லெனெக்குக்கு ஆன்சர் கீ பிணவறையில் கிடைச்சது. இன்னைக்கு அது உயிரோட இருக்கும் மனுஷனுக்குள்ள இருந்து, சிகிச்சை ஆரம்பிக்கும் முன்னாடியே, ஒரு துணுக்குத் திசுவா வெளியே வருது. ஏஐ 'இங்கே பாரு'ன்னு சந்தேகப்படலாம், ரோபோ அங்கே கொண்டுபோய் விடலாம். விடையைச் சொல்வது மைக்ராஸ்கோப்புக்குக் கீழ இருக்கும் அந்தத் திசு.

அதனால அடுத்த தடவை ஒரு மருத்துவமனை விளம்பரத்தில் 'ஏஐ மூலம் துல்லியப் பரிசோதனை'ன்னு பார்த்தா, மூணு கேள்வி கேளுங்க. எதோட ஒப்பிட்டுத் துல்லியம்? எங்களை மாதிரி ஆட்கள்கிட்ட டெஸ்ட் பண்ணீங்களா? தப்பானா யார் பதில் சொல்வீங்க? உங்க வீட்டில் யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்து, எக்ஸ்ரேயில் ஒண்ணுமில்லைன்னு வந்தாலும், சளிப் பரிசோதனை பண்ணுங்க. அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

அவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோடில் சந்திப்போம். நல்லா மூச்சு விடுங்க!